பியாஃப் குரலுக்குப் பின்னால் ஒரு பியானோ: மார்கெரித் மொன்னோவைக் கேட்கத் தொடங்குவது எப்படி

2024 ஜூலை 26 அன்று பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவை டிவியில் பார்த்தவர்களுக்கு அந்தக் கடைசிப் பாட்டு மறந்திருக்காது. விழா முழுவதும் மழை. ஐஃபல் கோபுரத்தில், நீர்த்துளிகள் உருண்ட பியானோவுக்குப் பக்கத்தில் நின்று செலின் தியோன் பாடினார். நோயால் சில ஆண்டுகள் மேடையேறாமல் இருந்தவர் அன்றுதான் திரும்பி வந்தார். பாட்டின் பெயர் ‘இம்ன் ஆ லாமூர்’, காதலுக்கு ஒரு துதி. செய்திகளில் அது ‘எதித் பியாஃப் பாட்டு’ என்றே வந்தது.

பிரெஞ்சுப் பாடகி பியாஃப் பாடிப் புகழ்பெற்ற பாட்டுதான். சொற்களை எழுதியவரும் அவரே. ஆனால் அந்த மெட்டைப் போட்டவர் மார்கெரித் மொன்னோ என்ற இன்னொரு பெண்.

ஒரு பாட்டுப் பிடித்தால் நாம் முதலில் கேட்பது ‘யார் மியூசிக்?’ என்றுதான். பிரான்சில் பழக்கம் வேறு. அங்கே பாட்டு பாடியவருக்குச் சொந்தம். பாடியவர் பெயரோடுதான் அது ஊருக்குள் நடமாடும். அதனால் மொன்னோ மாதிரி ஒருவர், 1930களிலிருந்து 1960 வரை அந்த நாட்டுக்கே மெட்டுக் கொடுத்தும், பெயரில்லாமல் போய்விட்டார். நமக்குத்தான் இசையமைப்பாளரைத் தேடும் காது ஏற்கெனவே இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டே அவரைக் கேட்கத் தொடங்கலாம். பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்வரம் எழுதத் தெரிய வேண்டாம். ஒரு ஹெட்போனும், ஒரே பாட்டை நாலைந்து முறை கேட்கும் பொறுமையும் போதும்.

முதலில் பெயரைப் பிடியுங்கள்

தேடும்போதே பலர் தடுக்கி விழும் இடம் இது. பிரெஞ்சில் எழுதுவது ஒன்று, சொல்வது இன்னொன்று. மொன்னோவின் பெயரை எழுதும்போது நடுவில் இரண்டு ‘என்’ வரும், கடைசியில் ஒரு ‘டி’ வரும். அந்த ‘டி’யை யாரும் உச்சரிப்பதில்லை. ஒரு ‘என்’ விட்டுப்போனால் வேறு யாராவது வந்து நிற்பார்கள். ‘மார்கெரித்’தில் ‘ஜி’க்கு அடுத்து ஒரு ‘யு’ உண்டு, அதுவும் மௌனம்தான்.

பெயர் சரியாக வந்துவிட்டால் அடுத்தது: ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளில் ஒவ்வொரு பாட்டுக்கும் ‘கிரெடிட்ஸ்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. அதைத் திறந்து பாருங்கள். பியாஃப் தொகுப்பு ஒன்றை ஓடவிட்டு, பாட்டுக்குப் பாட்டு அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டே போனால் மொன்னோ பெயர் திரும்பத் திரும்பத் தட்டுப்படும். பழைய இசைத்தட்டின் லேபிள் கிடைத்தால் இன்னும் நல்லது. பாட்டின் தலைப்புக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள் இரண்டு மூன்று குடும்பப் பெயர்கள் இருக்கும். எழுதியவர்களும் மெட்டுப் போட்டவர்களும் அவர்கள்தான்.

பிரெஞ்சு இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்களின் உரிமைகளைக் காக்கும் ‘சாசெம்’ என்ற சங்கம் 1851இல் தொடங்கியது. இணையத்தில் அதன் பாடல் பட்டியலில் பெயர் போட்டுத் தேடலாம். சந்தேகம் வந்தால் நான் கடைசியாகப் போய் நிற்பது அங்கேதான்.

இவையெல்லாம் அவருடையவை இல்லை

ஆர்வத்தில் பியாஃப் பாடிய எல்லாவற்றையும் மொன்னோ கணக்கில் எழுதிவிடக் கூடாது. பியாஃபின் மிகப் பிரபலமான பாட்டுகளில் பல வேறு ஆட்களுடையவை. ‘லா வி ஆன் ரோஸ்’ மெட்டு லூயிகி பெயரில் இருக்கிறது. உண்மையில் அந்த மெட்டு பியாஃபுக்கே தோன்றியது என்றும், இசையமைப்பாளராகக் கையெழுத்திட சாசெம் வைக்கும் தேர்வில் அவர் தேறியிருக்கவில்லை என்பதால் லூயிகி போட்டார் என்றும் சொல்வார்கள். அதற்கு முன்பே அதை மொன்னோவிடம் காட்ட, அவருக்கு அது பிடிக்கவில்லையாம். பெரிய காதுகளும் சில நேரம் தவறவிடும்.

‘பதாம் பதாம்’ நோர்பெர் கிளான்ஸ்பெர்க் போட்டது. ‘லக்கோர்தியோனிஸ்த்’ மிஷெல் எமேர். ‘லா ஃபூல்’ தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வால்ஸ் மெட்டு; போட்டவர் அர்ஜென்டினாவின் ஆங்கெல் கப்ரால். எல்லோருக்கும் தெரிந்த ‘நோன், ழ ந ரெக்ரெத் ரியான்’ ஷார்ல் துய்மோனுடையது. இந்தக் கடைசிப் பெயரை நினைவில் வையுங்கள். மொன்னோ கதையின் முடிவில் அவர் மீண்டும் வருவார்.

மூன்று பாட்டுகளில் தொடங்குங்கள்

வரிசையாக ஆண்டுப்படி கேட்க வேண்டாம். 1930களின் பதிவுகளில் ஒலி மெலிந்து இருக்கும். புதிதாக வருபவருக்குச் சலிப்புத் தட்டிவிடும். நடுவிலிருந்து தொடங்கி முன்னும் பின்னும் போவது நல்லது.

முதலில் ‘இம்ன் ஆ லாமூர்’. பியாஃப் 1950இல் பதிவு செய்தது. அதற்கு முந்தைய ஆண்டே நியூயார்க்கில் பாடிவிட்டார். அவர் காதலித்த குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்தான், அவரைப் பார்க்க நியூயார்க் கிளம்பி, 1949 அக்டோபரில் அசோர்ஸ் தீவில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். அதனால் இதை இரங்கல் பாட்டு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பாட்டு விபத்துக்கு முன்பே பிறந்துவிட்டது. காதலன் உயிரோடு இருந்தபோது அவனுக்காக எழுதியது, அவன் போனபின் வேறு பொருள் எடுத்துக்கொண்டது.

முதல் முறை கேட்கும்போது பியாஃபின் குரலில் கரைந்துபோவீர்கள், போகட்டும். இரண்டாம் முறை மெட்டு நடக்கும் விதத்தை மட்டும் பாருங்கள். தொடக்க வரிகள் நீளமானவை. ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு போவது போல இருக்கும். கீழே வாத்தியங்கள் மூன்று மூன்றாகத் துடித்துக்கொண்டிருக்கும். நடுப்பகுதி வந்ததும் அந்த நீளம் உடைந்துவிடும். சின்னச் சின்னத் துண்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும். உனக்காக இதைச் செய்வேன், அதைச் செய்வேன் என்று காதலி அடுக்குகிற இடம் அது. பிறகு பழைய நீளமான மெட்டு திரும்புகிறது. நாம் அங்கேயே முடியும் என்று நினைக்கும்போது, மரணத்துக்கு அப்பால் போகும் வரிகளுக்கு மெட்டு இன்னொரு படி ஏறுகிறது. தாளம் கொஞ்சம் தளர்கிறது, வாத்தியக் கூட்டம் விரிகிறது. நாலு நிமிஷம்கூட வராத பாட்டில் இவ்வளவு இடம் நகர்ந்துவிட்டோமா என்று இருக்கும்.

இரண்டாவது ‘மிலோர்’, 1959. சொற்கள் ஜார்ஜ் முஸ்தாக்கி. அலெக்சாந்திரியாவில் பிறந்த அவருக்கு அப்போது 25 வயதுதான். ஒரு துறைமுகத்து ஏழைப் பெண், காதலில் தோற்று நிற்கும் பணக்காரக் கனவானைத் தன் மேசைக்கு அழைத்து உட்கார வைக்கிறாள். பல்லவி குதித்துக்கொண்டு வரும், மதுக்கடை பியானோ போல. சரணத்தில் வேகம் இறங்கிவிடும். அவள் தன் மனசுக்குள் பேசுகிறாள். கடைசியில் அந்த மனிதன் அழுவதைப் பார்க்கிறாள். மெட்டு கிட்டத்தட்ட நின்றேவிடுகிறது. அப்புறம் அவள் ‘சிரிங்க, பாடுங்க’ என்று அவனைத் தட்டி எழுப்ப, அதே பல்லவி மெதுவாக, ‘லா லா லா’ என்று தொடங்கி, படிப்படியாக வேகம் பிடித்து ஓடும். அந்த இடத்தைக் குறைந்தது 3 முறை கேளுங்கள். ஒருத்தி இன்னொருவரின் துக்கத்தைத் தோளில் தூக்கிவிடுவதை, சொல்லே இல்லாமல் வெறும் வேகத்தை வைத்துச் சொல்லியிருக்கிறார் மொன்னோ.

மூன்றாவது ‘லே ஸமான் தன் ழூர்’, ஒருநாள் காதலர்கள், 1956. கிளோத் தெலெக்ளூஸ், மிஷெல் சென்லிஸ் என்ற இரு பெண்கள் எழுதியது. காபிக் கடையின் உள்மூலையில் கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் கதை சொல்கிறாள். கைகோத்து வந்த ஓர் இளம் ஜோடி அறை கேட்கிறார்கள். மறுநாள் காலையில் இருவரும் செத்துக் கிடக்கிறார்கள். எழுத்து, மெட்டு, குரல் எல்லாமே பெண்கள். சொல்பவள் அழுது புரளவில்லை. கோப்பை துடைக்கும் கையின் சலிப்போடு மெட்டும் சுற்றிச் சுற்றி வருகிறது. எனக்கு மொன்னோ பாட்டுகளிலேயே மிகவும் நெருக்கமானது இதுதான். பாட்டின் பொருளை முன்கூட்டியே மொழிபெயர்ப்பில் வாசித்துவிட்டு இதைக் கேளுங்கள். மற்ற இரண்டையும் பொருள் தெரியாமல் கேட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் வேண்டாம்.

குரலை விலக்கி வையுங்கள்

மொன்னோவைக் கேட்பதில் பெரிய சிக்கலே பியாஃப்தான். அந்தக் குரல் முன்னால் வந்து நின்றால் பின்னால் இருக்கும் எதுவும் தெரியாது. எனவே அதே மெட்டை வேறு ஆட்களிடம் கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் மற்ற எதைத் தவிர்த்தாலும் இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள்.

இதற்கு மிகப் பொருத்தமான பாட்டு ‘லா குவாலாந்த் து போவ்ர் ழான்’. ‘குவாலாந்த்’ என்பது பாரிஸ் தெருப்பேச்சில் புலம்பல் பாட்டைக் குறிக்கும். பாவப்பட்ட ழானின் புலம்பல் என்று வைத்துக்கொள்ளலாம். சொற்கள் ரெனே ரூஸோ. பியாஃப் 1954இல் பாடினார். இந்த மெட்டு அமெரிக்கா போனபோது சொற்களைக் கழற்றி வைத்துவிட்டுப் போனது. லெஸ் பாக்ஸ்டர் தன் ஆர்க்கெஸ்ட்ராவோடு, சீழ்க்கை ஒலியோடு பதிவு செய்தார். 1956இல் அமெரிக்கப் பட்டியலில் அது முதலிடம். அதே ஆண்டு, டிரினிடாடில் பிறந்த வினிஃப்ரெட் ஆட்வெல் என்ற பெண் அதைப் பியானோவில் வாசித்தார். பிரிட்டனில் அது முதலிடம். யாரும் பாடவில்லை, யாருக்கும் கதை தெரியாது. மெட்டு தன் காலில் நின்று இரண்டு நாடுகளை வென்றது.

அங்கே அதற்குக் கிடைத்த பெயர் ‘பாரிசின் ஏழை மக்கள்’. ழான் எப்படி மக்களானான்? பிரெஞ்சில் ‘ழான்’ என்ற பெயரும், மக்கள் என்ற பொருள் தரும் சொல்லும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கும். ஒரு பிசகில் ழான் தொலைந்துபோய், ஊரே தலைப்பில் ஏறிவிட்டது.

முதலில் ஆட்வெல்லின் பியானோ, அடுத்து பாக்ஸ்டர், கடைசியில் பியாஃப், இந்த வரிசையில் கேளுங்கள். பியாஃப் வரும்போது மெட்டு உங்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். அப்போதுதான், ஒரு துள்ளல் மெட்டுக்குள் எவ்வளவு கசப்பை அவர் வைத்துப் பாடுகிறார் என்பது தெரியும்.

இதே பயிற்சிக்கு இன்னொரு பாட்டு ‘மோன் லெஜியோனேர்’, என் படைவீரன். சொற்கள் ரேமோன் அஸ்ஸோ. பெயர்கூடத் தெரியாத ஒரு வீரனோடு ஓர் இரவைக் கழித்தவள், அவன் பாலைவனத்தில் செத்துக்கிடந்தான் என்று பின்னால் அறிகிறாள். 1936இல் இதை முதலில் பாடியவர் மாரி துய்பா. பியாஃப் அடுத்த ஆண்டு பாடினார். அரை நூற்றாண்டு கழித்து, 1987இல், செர்ழ் கேன்ஸ்பூர் இதைப் புதுத் தாளத்தோடு பாடினார். ஓர் ஆண் குரல் அதே வீரனை நினைத்து ஏங்கியபோது பாட்டின் பொருளே திரும்பிக்கொண்டது. மூன்றையும் ஒரே மாலையில் கேட்டுப் பாருங்கள். மூன்றிலும் மாறாமல் நிற்பது எதுவோ, அது மொன்னோ போட்டது.

ஆளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

இவ்வளவு கேட்டபின் வாழ்க்கைக்கு வரலாம். முன்னாலேயே படித்தால் வெறும் தேதிகளாக இருக்கும்.

1903 மே 28 அன்று, பிரான்சின் நடுவே, லுவார் நதிக்கரையில் இருக்கும் தெசீஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா சிறுவயதிலேயே பார்வை இழந்தவர். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர், பக்தி இசை அமைப்பவர். வீட்டில் எந்நேரமும் இசை. குழந்தையாக இருக்கும்போதே மொன்னோ பியானோவில் உட்கார்ந்துவிட்டார். சோப்பான், லிஸ்ட் போன்ற செவ்வியல் மேதைகளின் இசையைச் சிறுமியாகவே மேடையில் வாசித்தார். பாரிசுக்குப் போய்ப் பியானோவை ஆல்ஃப்ரெட் கோர்த்தோவிடமும் ஹார்மனியை நாதியா பூலான்ஜேவிடமும் கற்றார். இந்த இரண்டு பெயர்களுக்கும் மேற்கத்திய செவ்வியல் இசையில் என்ன மதிப்பு என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பூலான்ஜேவிடம் படிக்க அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தார்கள்.

கச்சேரி மேடைக்கென்றே வளர்ந்த பெண்ணுக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. வெளிநாட்டுக் கச்சேரிப் பயணம் கைவிட்டுப் போனது. பியானோ வித்வானாகும் கனவும் அதோடு நின்றது. வெளியே ரேடியோவும் இசைத்தட்டும் பரவிக்கொண்டிருந்த காலம் அது. 1930களின் தொடக்கத்தில் அவர் மெல்லிசைப் பாட்டுக்கு மெட்டுப் போடத் தொடங்கினார்.

முதலில் பெரிய கவனம் பெற்றது ‘லெத்ரான்ழே’, அந்நியன். அதைப் பாடிக்கொண்டிருந்தவர் அனெத் லாழோன். அப்போதுதான் தெருவிலிருந்து மேடைக்கு வந்திருந்த ஒரு குட்டிப் பெண், பாட்டைக் கேட்டே மனப்பாடம் செய்து, அனுமதி கேட்காமல் தன் மேடையில் பாடிவிட்டாள். அவள்தான் பியாஃப். லாழோனுக்குக் கோபம் வந்தது நியாயம்தான். ஆனால் அந்தத் திருட்டுத்தனத்தில்தான் மொன்னோவுக்கும் பியாஃபுக்கும் பழக்கம் தொடங்கியது. ஒருத்தி கோர்த்தோவின் மாணவி, இன்னொருத்தி பாரிஸ் தெருமுனைகளில் பாடிக் காசு வாங்கியவள். மொன்னோவை பியாஃப் ‘கீத்’ என்று செல்லமாகக் கூப்பிடுவார். இருபத்தைந்து ஆண்டு நீடித்தது அந்தச் சேர்க்கை.

ஆர்கன் வாசிப்பவரின் மகள், குடிகாரனுக்கும் விலைமாதுக்கும் படைவீரனுக்கும் மெட்டுப் போட்டார் என்பதில் பலருக்கு வியப்பு. எனக்கு அதில் வியப்பில்லை. ‘இம்ன் ஆ லாமூர்’ பாட்டைத் தேவாலயத்து ஆர்கனில் வாசித்தாலும் பொருந்தும். அதன் கடைசி வரி கடவுளிடம்தான் போய்ச் சேர்கிறது.

மறதிக்காரர் என்று பெயர் எடுத்தவர். கனவிலேயே நடப்பவர் என்று உடனிருந்தவர்கள் சொல்வார்கள். தன் பெயரைப் பரப்பிக்கொள்ளத் தெரியாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்த படி: மேடைக்குப் போங்கள்

தனிப்பாட்டுகள் பழகியதும் ‘இர்மா லா தூஸ்’ பக்கம் வாருங்கள். 1956 நவம்பரில் பாரிசின் கிராமோன் அரங்கில் தொடங்கிய இசை நாடகம். கதை, பாடல் வரிகள் அலெக்சாந்த்ர் பிரெஃபோர், இசை மொன்னோ. பாரிசின் பிகால் பகுதியில் இர்மா என்ற பாலியல் தொழிலாளியை நெஸ்தோர் என்ற ஏழை சட்ட மாணவன் காதலிக்கிறான். அவள் வேறு யாரிடமும் போகக்கூடாது என்று, ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு தானே பணக்கார வாடிக்கையாளனாக வருகிறான். பிறகு அந்த வேஷத்தின் மேலேயே பொறாமை வந்து, அதைக் ‘கொன்று’விட்டு, கொலைக் குற்றத்துக்காகத் தீவுச் சிறைக்குப் போகிறான்.

இதில் பியாஃப் கிடையாது. இர்மாவாக நடித்தவர் கொலெத் ரெனார். அதனாலேயே இது உங்களுக்கு முக்கியம்: பியாஃபின் நிழல் விழாத மொன்னோவை முழுசாகக் கேட்க இதைவிட நல்ல இடம் இல்லை. ‘அவெக் லே ஸான்ழ்’ பாட்டில் தொடங்குங்கள். அக்கார்டியன் வாசமும் தெருமுனைக் குறும்பும் காதலின் மென்மையும் ஒரே மெட்டில் இருக்கும்.

1958இல் பீட்டர் புரூக் இயக்கத்தில் இது லண்டனுக்குப் போய் ஆண்டுக்கணக்கில் ஓடியது. 1960இல் நியூயார்க், நாயகி எலிசபெத் சீலுக்கு அமெரிக்க நாடக உலகின் டோனி விருது. ஆங்கிலத்தில் எழுதிய மூவரில் ஒருவரான மான்டி நார்மன் பின்னால் ஜேம்ஸ் பாண்ட் படத்தின் முகப்பு இசைக்குச் சொந்தக்காரரானார்.

ஓர் எச்சரிக்கை. இணையத்தில் இந்தப் பெயரைத் தேடினால் முதலில் வருவது 1963இல் பில்லி வைல்டர் எடுத்த படம்தான். ஷிர்லி மெக்லைன், ஜாக் லெமன் நடித்தது. பார்க்கலாம், நல்ல படம். ஆனால் பாட்டையெல்லாம் எடுத்துவிட்டார்கள். மொன்னோவின் மெட்டுகள் பின்னணியில் மட்டும் மிதந்து போகும். அந்தப் பின்னணி இசையைத் தழுவி அமைத்ததற்கு ஆந்த்ரே பிரெவினுக்கு ஆஸ்கர் கிடைத்தது. மொன்னோவைக் கேட்க வேண்டுமென்றால் பாரிஸ் நாடகக் குழுவின் பதிவைத் தேடி எடுங்கள்.

மொன்னோ, பியாஃபுக்காகவும் ஒரு முழு மேடை நாடகத்துக்கு இசையமைத்திருக்கிறார்: 1951இல் ‘லா ப்தித் லிலி’. பியாஃப் நடித்த ‘லே ஸமான் த தெமேன்’ என்ற 1959 படத்துக்கும் அவரே இசை. இவை பிறகு வந்தால் போதும், அவசரமில்லை.

வாசிக்கவோ பாடவோ ஆசை வந்தால்

கீபோர்டு இருந்தால் ‘மிலோர்’ பல்லவியில் தொடங்குங்கள்; கை உடனே பழகும். ‘இம்ன் ஆ லாமூர்’ கேட்பதற்கு எளிது, பாடக் கடினம். நீளமான வரிகளுக்கு மூச்சு போதாது. தொடக்கத்தைத் தாழ்ந்த கட்டையில் வைத்துக்கொள்ளாவிட்டால் கடைசி ஏற்றத்தில் குரல் மாட்டிக்கொள்ளும். பாடிப் பார்க்கும் முன் கடைசிப் பகுதியின் உச்ச ஸ்வரம் உங்களுக்கு எட்டுகிறதா என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கிச் சுருதியை முடிவு செய்யுங்கள்.

நோட்ஸ் தேடுவதற்குப் பிரெஞ்சுச் சொல் ‘பார்த்திசியோன்’. அந்தக் காலத்தில் பிரபலப் பாட்டுகளின் நோட்ஸ், பாடகரின் படத்தை அட்டையில் போட்டுச் சின்னத் தாள்களாக விற்பனைக்கு வந்தன. ‘பெத்தி ஃபோர்மா’ என்பார்கள். பாரிஸ் போக வாய்த்தால் பழைய பொருள் சந்தைகளில் தேடிப் பாருங்கள். அட்டையில் பெரிதாக பியாஃப் முகம், எங்கோ ஒரு வரியில் மொன்னோ பெயர். அந்தத் தாளைக் கையில் பிடித்தால் இந்தக் கதை முழுவதும் ஒரே பார்வையில் புரியும்.

பாடிப் பதிவேற்றும் எண்ணம் இருந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பிரான்சில் படைப்பாளி இறந்து 70 ஆண்டுவரை உரிமை உண்டு. மெட்டுப் போட்டவருக்கு மட்டுமல்ல, எழுதியவருக்கும் சேர்த்து. மொன்னோ 1961இல் போனார், பியாஃப் 1963இல், முஸ்தாக்கி 2013இல். எனவே யூடியூபில் உரிமைக் கோரிக்கை வந்தால் திடுக்கிட வேண்டாம்.

கடைசியாக ஒரு இசைத்தட்டு

1960 அக்டோபரில் ஷார்ல் துய்மோன், பாடலாசிரியர் மிஷெல் வொக்கேரோடு பியாஃப் வீட்டுக்குப் போனார். பியாஃப் அப்போது உடம்பு உடைந்து கிடந்தார். துய்மோன் பியானோவில் வாசித்தது ‘நோன், ழ ந ரெக்ரெத் ரியான்’. கேட்டதும் பியாஃப் துள்ளி எழுந்தார். பாரிசின் ஒலிம்பியா அரங்கில் தன் அடுத்த கச்சேரியைப் புதிதாகத் திட்டமிட்டார். துய்மோன் பாட்டுகள் உள்ளே வந்தன. அதற்கென்று தயாராக இருந்த மொன்னோ பாட்டுகள் வெளியே போயின. இருபத்தைந்து ஆண்டு உறவு அங்கே விரிசல் விட்டது.

மொன்னோ சண்டை போடவில்லை. ஓராண்டுக்குள், 1961 அக்டோபர் 12 அன்று, குடல்வால் வெடித்துப் பாரிசில் இறந்துபோனார். வயது 58. இரண்டு ஆண்டு கழித்து, அதே அக்டோபரில், பியாஃபும் போனார்.

அந்த ஒலிம்பியா கச்சேரியின் நேரடிப் பதிவு 1961இல் இசைத்தட்டாக வந்தது. இன்றைக்கும் எளிதில் கிடைக்கும். பெரும்பாலும் துய்மோன் மெட்டுகள்தான். அவற்றுக்கிடையே ‘லே புளூஸ் பிளான்ஷ்’ என்று ஒரு பாட்டு இருக்கிறது, வெள்ளை அங்கிகள் என்று பொருள். மனநலக் காப்பகத்தில் அடைபட்ட ஒரு பெண், தனக்குப் பைத்தியம் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். சொற்கள் மிஷெல் ரிவ்கோஷ், மெட்டு மொன்னோ. தட்டை முதலிலிருந்து ஓடவிட்டு, இதற்காகக் காத்திருந்து கேளுங்கள். பியாஃப் பாதி பாடுகிறார், பாதி பேசுகிறார், நடுவில் அந்தப் பெண்ணாகவே சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்குக் கீழே போகும் மெட்டைக் கவனியுங்கள்.